பெண் வீட்டுத் தறி

மத்திலேட்டியின் வாயைப் பற்றிச் சொல்லாமல் அவன் நெசவைப் பற்றிச் சொல்ல முடியாது. கத்வால் பக்கத்துக் கேசவாபுரத்தில், சாலியர் தெருவில், அவனைப் போல் கரை பிடிப்பதற்கு ஆள் இல்லை; அவனைப் போல் ஏசுவதற்கும் ஆள் இல்லை. காலையில் தறிக்குழிக்குள் காலை இறக்கியதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறவன் அவன் மனைவி கோவிந்தம்மாவின் தம்பி சுங்கன்னா. அவனுக்கும் வாய் சும்மா இருக்காது. மாமனையும் மச்சானையும் ஒரே தறியில் உட்கார வைத்தால் என்ன நடக்குமோ, அதுதான் அந்த வீட்டில் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

"ஏன்டா மச்சான், நாடா போடுறியா, இல்ல உங்கப்பன் வீட்டு எருமைக்குப் புல்லு போடுறியா?"

"அந்த எருமையைத்தான் எங்கப்பா உனக்கே சீரா ஓட்டி விட்டாரே மாமா, மறந்துட்டியா?"

"உள்ள உங்கக்கா கேக்குறாடா."

"கேக்கட்டும். நான் எருமைன்னுதான சொன்னேன், அவ பேரச் சொன்னேனா?"

இதெல்லாம் அச்சில் ஏற்றக்கூடியவை. மற்றதை நான் எழுதினால் நாளைக்கு யாரும் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் அந்த வீட்டைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வார்கள். பிள்ளைகள் அங்கே வந்ததும்தான் மெதுவாக நடக்கும்.

ஆனால் அந்தத் தறியிலிருந்து இறங்குகிற சேலையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அந்த வாயை மன்னித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துச் சேலைக்கு உடல் முழுக்கப் பருத்தி. கரையும் முந்தானையும் பட்டு. பருத்திக்கு ஒரு குணம், பட்டுக்கு ஒரு குணம். ஒன்று பிடித்த இடத்தில் நிற்கும், மற்றது நழுவப் பார்க்கும். இரண்டையும் தையல் இல்லாமல் ஒட்டவைக்க வேண்டும். அதற்கு ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா மூன்று, ஆள் இரண்டு. இடக்கரையும் உடலும் மத்திலேட்டி கை, வலக்கரை சுங்கன்னா கை. உடலின் ஊடை வந்து கரையின் ஊடையைத் தொட்டு, கைகோர்த்து, திரும்பிப் போக வேண்டும். அந்தக் கோர்வையில் ஒருவன் ஒரு மூச்சு பிந்தினாலும் கரையோரத்தில் ரம்பப் பல்லாக ஓடுகிற வேலைப்பாடு மழுங்கிவிடும். அவர்கள் இருவரும் நெய்த சேலையில் அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் கூராக, ஒரே உயரமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசை குலையாமல் நிற்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. உடுத்தினால் உடம்பு குளிரும், கரை மட்டும் சொன்னபடி நிற்கும். மனுஷன் கைதானா இது என்று எனக்கே எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

அப்படிப்பட்டவர்கள் வீட்டுத் தறிக்கு ஒரு சேலை மட்டும் வந்ததே இல்லை. அது அம்மன் சேலை.

ஊர்க் கோயிலில் லட்சுமி நரசிம்மர். வருஷா வருஷம் கல்யாணம் நடக்கும். லட்சுமி சாலியர் குலத்துப் பெண் என்பது எங்கள் தெருவின் முடிவு. அதில் யாரும் மறுபேச்சு பேசக் கூடாது. ஆகவே நாங்கள் பெண் வீட்டார். கல்யாணச் சேலை எங்கள் தெருவில்தான் நெய்ய வேண்டும். எந்த வீட்டில் நெய்தார்களோ அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கு மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவர்களாக மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பார்கள். நெய்து முடிகிற வரைக்கும் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, கவிச்சி கிடையாது, கள் கிடையாது, தறியில் கெட்ட பேச்சு கிடையாது. பேசினால் அந்தப் பேச்சு நூலில் ஒட்டிக்கொள்ளும், பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போய்விடும் என்பார்கள்.

இந்தக் கடைசி ஒன்றுதான் மத்திலேட்டியைக் கவிழ்த்தது. கோவிந்தம்மாவுக்குப் பிறந்தது மூன்றும் பையன்கள். மூன்று பேரும் சூரத்தில் மில்லில் இருக்கிறார்கள். ஒரு பெண்ணைப் பெற்று, தலை வாரி, சேலை கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவைக்கிற கொடுப்பினை தனக்கு இல்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு தீராத ஏக்கம். அந்த மணையில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும். வருஷா வருஷம் வேறு யாரோ உட்கார்ந்து தாரை வார்ப்பதைத் தூணோரம் நின்று பார்த்துவிட்டு வருவாள். வந்து அன்றைக்கு முழுக்கப் புருஷனோடு பேச மாட்டாள்.

இந்த வருஷம் அவளே குலக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். பொம்பளை வந்து நிற்கிறாளே என்று பார்த்தார்கள். குலப் பெரியவர் கொண்டையா தொண்டையைக் கனைத்தார்.

"உன் வீட்டு நெசவுல ஒரு குறையும் இல்லம்மா. உன் வீட்டுக்காரன் வாய்தான்…"

"வாயை நான் பாத்துக்கறேன், பெரியப்பா. தறி ஏத்துன நாள்ல இருந்து இறக்குற நாள் வரைக்கும் என் வீட்ல கெட்ட பேச்சு விழாது. விழுந்தா சேலையை நானே அறுத்துக் கொண்டாந்து உங்க முன்னாடி போட்டுடறேன். அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு. இது அம்மா காரியம்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் எனக்குத் தலை நரைச்சுப் போச்சு."

கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மத்திலேட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், சொன்னால் அது கெட்ட வார்த்தையாகத்தான் வரும் என்று தெரிந்து மூடிக்கொண்டான்.

பாவு ஏறியது. உடலுக்கு மாம்பழ மஞ்சள், கரைக்கு அரக்குச் சிவப்பு. தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா அடுத்த அறையில் ராட்டையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே காதைத் தறியிடம் வைத்திருந்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு அனசூயா எட்டிப் பார்த்து, "என்ன கோவிந்தம்மா, வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்திலேயே கோவிந்தம்மாவின் கை ராட்டையில் நின்றுவிட்டது. தறிச் சத்தம் நொண்டியது. ஒரு அடி விழும், அடுத்த அடி விழுவதற்குள் ஒரு தயக்கம். ஒரு நாடா போய்ச் சேர்ந்திருக்கும், இன்னொன்று அப்போதுதான் கிளம்பும். அவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். மஞ்சள் உடலில் ஓரிடம் நெருக்கமாக, ஓரிடம் தளர்வாகப் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. கரையோரத்துப் பற்கள் கிழவன் வாய்ப் பற்களைப் போல் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. மத்திலேட்டி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊடையை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். நெய்வார்கள், பிரிப்பார்கள்.

"எண்ணிக்கிட்டே நெய்யலாமா மாமா?" என்றான் சுங்கன்னா. எண்ணினார்கள். எண்ணிக்கையில் கவனம் போனது, கோர்வையில் கவனம் போகவில்லை. செல்போனில் பக்திப் பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பாட்டு இழுக்க இழுக்கச் சேலையும் இழுத்துக்கொண்டு தளர்ந்தது. கோவிந்த நாமம் சொல்லிப் பார்த்தார்கள். அரை முழம் போவதற்குள் மத்திலேட்டி கொட்டாவி விட்டான். விரதச் சோறு வேறு. ஒரு தடவை சுங்கன்னா நாடாவைத் தவறவிட்டு, அது மத்திலேட்டியின் முழங்காலில் விழுந்தது. மத்திலேட்டியின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது. கடைசியில், "பரவாயில்லப்பா, சுங்கன்னா" என்றான்.

சுங்கன்னா பயந்துபோனான். "அக்கா, மாமா என்னை 'அப்பா'ங்கிறாரு. எனக்கு ஒதறலா இருக்கு" என்று ராட்டையடிக்கு வந்து சொன்னான்.

கொண்டையா ஒரு நாள் வந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம். சேலையைக் கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு புறங்கையைக் கரைமேல் வைத்து மெதுவாக நகர்த்துவார். நகர்த்தியவர் பாதியிலேயே கையை எடுத்துவிட்டார்.

"இது உன் நெசவாடா?"

மத்திலேட்டி நாடாவைக் கீழே வைத்தான்.

"வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன். இதே கதின்னா டவுன் கடையில ஒண்ணு எடுத்துக்கறோம். என்ன பண்றது, நம்ம பொண்ணு தலையெழுத்து, கடைச் சேலை கட்டிக்கிட்டுப் போகட்டும்."

அந்தச் சொல் மத்திலேட்டியை அறைந்ததுபோல் இருந்தது. மத்தியானம் கோவிந்தம்மா சோள ரொட்டியும் புளிச்சக்கீரையும் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டான்.

"கோவிந்தி, என்னால முடியல. அறுத்துடலாம். வேற யாராவது நெய்யட்டும். கடைச் சேலை வேண்டாம் அவளுக்கு."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியவள் அவள். 'முடியல' என்று அவன் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். அவனைத் திட்டத் தெரியாமல் அவள் எழுந்து ராட்டையடிக்குப் போனாள். வருத்தம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. சும்மா கையைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது பழைய தறிச் சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். அது எப்படி இருக்கும்? மத்திலேட்டி ஒன்று சொல்வான், நாடா போகும். சுங்கன்னா பதில் சொல்வான், நாடா திரும்பும். சிரிப்பு வருகிற இடத்தில் அடி விழும். ஏச்சு, எதிர் ஏச்சு, அடி. ஏச்சு, எதிர் ஏச்சு, அடி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமும் தறியை ஓட்டியது அந்த வாய்தான். மூச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடச் சொன்னால் எவன் ஓடுவான்? வாக்குக் கொடுத்து மூச்சை நிறுத்தியவள் அவளேதான்.

ஆனால் கொடுத்த வாக்கை என்ன செய்வது? ஒருவரை ஒருவர் ஏசட்டும் என்று விட முடியாது. அம்மன் சேலை.

தறி மறுபடி நொண்ட ஆரம்பித்தது. கோவிந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண் வீடு, பெண் வீடு என்கிறோமே, பெண் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் என்ன நடக்கும்? வீட்டுக்கு வீடு நடப்பதுதானே! அவளுடைய கல்யாணத்தில் அவள் சித்திமார்கள் மத்திலேட்டியின் மூக்கைப் பற்றிப் பாடிய பாட்டை அவன் இன்னும் மறக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. ராட்டையை விடாமல், குரலை மட்டும் உயர்த்தினாள்.

"ஏன்டா சுங்கன்னா, நம்ம பொண்ணுக்குப் பாத்திருக்காங்களே ஒரு மாப்பிள்ளை, அவனுக்கு அப்பன் யாருடா?"

தறி நின்றது.

"என்னக்கா கேட்ட?"

"காது கேக்கலையா? மாப்பிள்ளைக்கு அப்பன் யாருன்னு கேட்டேன்."

பிறகு சுங்கன்னாவின் குரல், தயங்கித் தயங்கி: "தூணு."

"அம்மா?"

"அதுவும் தூணுதான்."

நாடா ஒன்று ஓடியது. கோவிந்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் குரல் வந்தது. இத்தனை நாளாகப் பூட்டிக் கிடந்த குரல்.

"அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, தூணைப் பொளந்துக்கிட்டு வந்தவனுக்கு எவன்டா பொண்ணு பாத்தது?"

"பாத்தவன் தலைமுடியைப் பாக்கலையா மாமா? அந்தத் தலைக்கு எந்த நாவிதன் வருவான்?"

"வந்தா முழுசாத் திரும்பிப் போவானா?"

அடி விழுந்தது. கன கச்சிதமான அடி.

"வீட்டுக்குள்ள வாடான்னா வர மாட்டான். வெளியே போடான்னா போக மாட்டான். வாசப்படியிலயே உக்காந்துக்குவான். இவனை வெச்சுக்கிட்டு எம்பொண்ணு எப்படிடா கோலம் போடுவா?"

"கோலம் கெடக்கட்டும். காட்டுல ஒருத்தியை வெச்சிருக்கானே, செஞ்சுக் குலத்துக்காரி, அதைக் கேட்டியா மாமா?"

"கேக்காம விடுவேனா? மண்டபத்துக்கு வரட்டும், பிடரியைப் புடிச்சுக் கேக்குறேன்."

"அதுக்கு முன்னாடி நகத்தை வெட்டிக்கிட்டு வரச் சொல்லு. இந்தக் கோர்வை மேல அவன் நகம் பட்டு ஒரு இழை இழுத்துச்சு…"

"இழுத்துச்சுன்னா இரணியனுக்கு அவன் என்ன பண்ணானோ, அதை நான் அவனுக்குப் பண்ணுவேன்!"

தறி பறந்தது. கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே அந்த இரண்டு பேரும் பெண்ணைப் பெற்ற வயிற்றெரிச்சலோடு, அவ்வளவு ஆசையோடு, அந்த மாப்பிள்ளையைத் தலைமுதல் வால்வரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தடவைகூட ஒருவரை ஒருவர் ஏசவில்லை. அதற்கு நேரமே இல்லை.

அதற்குப் பிறகு தறியில் வந்ததைப் பார்க்கக் கண் போதாது. மஞ்சள் ஒரே சீராக, வழித்துவிட்டதுபோல் இறங்கியது. கரையின் பற்கள் ஒவ்வொன்றும் ஊசிமுனை. பருத்தி எங்கே முடிகிறது, பட்டு எங்கே தொடங்குகிறது என்று விரல் நுனியால் தேடினாலும் கிடைக்காது. கண்ணுக்கு நிறம் மாறும், கைக்கு எதுவும் மாறாது. முந்தானைக்கு வந்தபோது மத்திலேட்டி யாரும் கேட்காமலே அன்னப்பறவை வரிசையொன்று ஏற்றினான். ஒவ்வொரு அன்னமும் திரும்பிப் பார்த்தபடி இருந்தது. "பொறந்த வீட்டைத் திரும்பிப் பாக்காமலா போவா?" என்றான். அவன் இதுவரை எத்தனையோ அழகான சேலை நெய்திருக்கிறான். இதைப் போல் ஒன்று அவனிடமிருந்தும் வந்ததில்லை.

தெருவுக்குக் காது இருக்கிறதே. வெள்ளிக்கிழமை கொண்டையா வந்தபோது வாசலில் ஒரு கூட்டமே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அனசூயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பல்லு தேய்ப்பானான்னு கேளு, பல்லு தேய்ப்பானான்னு கேளு" என்று ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவரைக் கண்டதும் அத்தனை பேரும் விலகினார்கள். உள்ளே மத்திலேட்டி கவனிக்கவில்லை.

"சாப்பிட்டுக் கை கழுவத் தெரியுமாடா அவனுக்கு? குடலை மாலையாப் போட்டுக்கிட்டவன்…"

"மத்திலேட்டி!"

தறி நின்றது. கொண்டையா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"யாரைடா பேசுற? சாமியைடா! கோவிந்தம்மா, என்னம்மா வாக்குக் குடுத்த நீ?"

கோவிந்தம்மா ராட்டையை விட்டு எழுந்து வந்தாள்.

"கெட்ட பேச்சு விழாதுன்னு சொன்னேன். இதுல எது கெட்ட பேச்சு, எது பொய், சொல்லுங்க பெரியப்பா. தூண்ல பொறக்கலையா? வாசப்படியில உக்காரலையா?"

"அது… அது வேற."

"கல்யாணத்துக்குப் பொண்ணு குடுக்குற வீட்ல மாப்பிள்ளையைக் கேலி பண்ணாம இருந்தா, அது பொண்ணு வீடா? எழவு வீடு. இத்தனை நாளா இந்த வீடு எழவு வீடாத்தான் இருந்துச்சு. சேலையும் அப்படித்தான் வந்துச்சு. இப்பத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட மாட்டேன் என்பதுபோல்தான் நின்றார். அப்புறம் பழக்கம் விடவில்லை. கண்ணை மூடி, புறங்கையைக் கரைமேல் வைத்தார். கை போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது. கண்ணைத் திறந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"சேலையில எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பேசுனது மாப்பிள்ளையை. மன்னிக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. அர்ச்சகர் வரதாசாரி மண்டபத்துல சரின்னா நீங்க மணையில உக்காருங்க. வேண்டாம்னுட்டா சேலை மட்டும் போகும். நீங்க கீழதான் நிக்கணும்."

கல்யாணத்தன்று ஊர் முழுக்க மண்டபத்தில். இந்தப் பக்கம் சாலியர் தெரு, அந்தப் பக்கம் கோயில்காரர்கள், மாப்பிள்ளை வீடு. மணை இரண்டும் காலியாக இருந்தன. மத்திலேட்டி புது வேட்டியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்தது தூண் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டான். கோவிந்தம்மா தட்டில் சேலையை ஏந்திப் போய் வரதாசாரியிடம் நீட்டினாள்.

அவர் பிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் அது விரிய விரிய மண்டபத்தில் பேச்சு அடங்கியது. மஞ்சளும் அரக்கும், அந்தத் திரும்பிப் பார்க்கிற அன்னங்களும். யாரோ "அம்மா!" என்றார்கள். வரதாசாரி நெடுநேரம் பார்த்துவிட்டு அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை நெய்ஞ்ச வீட்ல எங்க பையனைப் பத்தி என்னென்னவோ பேசுனாங்களாமே?"

சுங்கன்னா மெதுவாகக் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க பேசுனா நாங்க கேட்டுட்டுப் போகணுமா? எங்களுக்கும் வாய் இருக்கு" என்றார் வரதாசாரி. குரலில் சிரிப்பு இருந்தது. கூட்டம் மூச்சு விட்டது. "எங்க பையன் தூண்ல பொறந்தவன்தான். முரடன்தான். ஆனா கூப்பிட்ட குரலுக்கு வந்தான், வந்த எடத்துல நின்னான். உங்க பொண்ணு எப்படி? ஒரு வீட்ல நெலையா ஒரு நாள் தங்கியிருக்காளா? இன்னைக்கு இவன் வீடு, நாளைக்கு அவன் வீடு. ஊரை விடுங்க. உங்க சாலியர் தெருவுலயே ஏதாவது ஒரு வீட்ல லட்சுமி தங்கினது உண்டா?"

கோயில் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். சாலியர் பக்கமும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒழுகுகிற ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு பட்டு நெய்கிறவர்கள் அவர்கள். சூரத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கிறவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேலி எல்லை தாண்டிப் பட்டுவிட்டது என்று வரதாசாரிக்கும் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

கோவிந்தம்மா வெறும் தட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அவள் கோபப்படவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"எப்படி சாமி தங்குவா? அவளைத்தான் உங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டோமே."

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பொறந்த வீட்லயே வந்து உக்காந்துக்கிட்டா நீங்களே நாலு வார்த்தை பேசுவீங்க. போன எடத்துல நல்லா இருக்கான்னா எங்களுக்கு அது போதும்."

கொண்டையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வரதாசாரி தோளில் கிடந்த சேலையை ஒரு தடவை தடவினார். பிறகு செம்பை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"வந்து உக்காருங்கம்மா. முகூர்த்த நேரம் போகுது. எங்கேப்பா, பொண்ணோட தகப்பனாரு?"

மத்திலேட்டி வந்து உட்கார்ந்தான். அம்மனுக்குச் சேலை சாற்றினார்கள். கோவிந்தம்மா தண்ணீரை வார்த்தாள். பெண்ணைக் கொடுக்கிற எல்லாத் தாய்மாரும் அழுகிற அந்த இடத்தில், வெட்கப்படாமல், வாய்விட்டு அழுதாள். அவள் பக்கத்திலிருந்த மத்திலேட்டி கைகூப்பிச் சிங்க முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, இப்போதாவது ஒன்று சொல்வான் என்று.

"நல்லா வெச்சுக்கப்பா" என்றான்.